கேள்வி – பதில்: டிராக் ரேஸில் முதல் அறுபது அடி

நின்ற நிலையிலிருந்து கிளம்பி, நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரத்தைக் கடக்கும் டிராக் ரேஸ் (drag race) பற்றிக் கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்களிடமிருந்து தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. வண்டியில் எதை மாற்றலாம் என்று கேட்டவர்களே அதிகம் என்றாலும், ஓட்டும் கையை எப்படித் தேற்றுவது என்று கேட்டவர்களின் கடிதங்களுக்கு இங்கே முதலிடம் தந்திருக்கிறேன். விடைகள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

என்னிடமும் என் நண்பரிடமும் ஒரே 200 சிசி வண்டி இருக்கிறது. கடைசி கியரில் என் வண்டிதான் சற்றுக் கூடுதல் வேகம் போகிறது. ஆனால் புறப்படும்போதே அவர் முன்னால் போய்விடுகிறார். பிறகு பிடிக்க முடிவதில்லை. நான் எதைப் பயிற்சி செய்ய வேண்டும்?
– ஒரு வாசகர், வடசேரி

உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது. டிராக் ரேஸின் முடிவு பெரும்பாலும் முதல் 60 அடியில், அதாவது ஏறத்தாழ 18 மீட்டரில் உருவாகிவிடுகிறது. அந்த 60 அடியில் பத்தில் ஒரு நொடி இழந்தால், கால் மைல் முடிவில் அந்த இழப்பு பத்தில் ஒன்றாகவே நிற்பதில்லை. பெரும்பாலும் அதைவிடச் சற்று வளர்ந்துதான் நிற்கும். ஏனெனில் தாமதமாக வேகமெடுத்த வண்டி, மீதித் தூரம் முழுவதையும் குறைந்த வேகத்திலிருந்தே தொடங்குகிறது. கடைசி கியரில் உங்களுக்குக் கிடைக்கும் சிறு வேக மிகுதி அந்த இழப்பை ஈடுகட்டப் போதாது.

புறப்பாட்டில் நீங்கள் ஆள வேண்டியது ஆக்சிலரேட்டரை அல்ல, கிளட்சை. புதிதாகப் பழகுகிறவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் ஆட்டுகிறார்கள். கிளட்சை விடும்போது வண்டி திணறினால் ஆக்சிலரேட்டரை முறுக்குகிறார்கள், முன்சக்கரம் எழும்பினால் சட்டென்று மூடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு புறப்பாடும் ஒவ்வொரு விதமாக அமையும். தேர்ந்தவர்கள் ஆர்.பி.எம்.மை, அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையை, ஓரிடத்தில் நிறுத்திவைத்து, சக்கரத்துக்கு எவ்வளவு விசை போக வேண்டும் என்பதை இடக்கையின் இரண்டு விரல்களால் மட்டுமே அளந்து விடுகிறார்கள். கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் புள்ளி ஒன்று இருக்கிறது அல்லவா, அங்கிருந்து முழுவதும் விடும் இடம் வரை லீவர் நகரும் தூரம் மிகக் குறைவு. அந்தச் சிறு தூரத்தை விரல் மனப்பாடம் செய்துகொள்வதுதான் பயிற்சி.

இதற்கு வேகம் தேவையில்லை. சொந்த இடத்திலோ, உரிமையாளரிடம் அனுமதி பெற்ற சுற்றுச்சுவர் உள்ள மைதானத்திலோ பத்து மீட்டர் இடைவெளியில் சுண்ணாம்புக் கோடு இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். முதல் கியரில், ஆர்.பி.எம். முள் நகராமல் வைத்துக்கொண்டு, கிளட்சை மட்டும் கொண்டு வண்டியை நடக்கும் வேகத்தில் முதல் கோட்டிலிருந்து இரண்டாம் கோட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். முள் கீழே விழுந்தால் கிளட்சை விரைவாக விட்டிருக்கிறீர்கள்; மேலே ஏறினால் ஆக்சிலரேட்டரில் கை அசைந்திருக்கிறது. முள் நடுங்காமல் நிற்கும் நாள் வரும் வரை அடுத்த நிலைக்குப் போகாதீர்கள். கிளட்ச் தட்டுகள் தேயும் பயிற்சி இது என்பதால் சில தடவைக்கு ஒருமுறை வண்டியை ஆறவிட வேண்டும். கருகிய வாடை வந்தாலோ, லீவரில் தளர்ச்சி கூடினாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். முழு விசையோடு புறப்படும் பயிற்சியை மைதானத்தில் செய்யக் கூடாது. 200 சிசி வண்டிகூட 60 அடிக்குள் மணிக்கு 50 கிலோமீட்டரை எட்டிவிடும். நிறுத்த இடம் இருக்காது.

அடுத்தது உடம்பு. வண்டி பாயும்போது எடை பின்சக்கரத்துக்கு மாறுகிறது. அளவோடு மாறினால் டயருக்குப் பிடிப்புக் கூடும். மிஞ்சினால் முன்சக்கரம் எழும்பி, நீங்கள் விசையைக் குறைக்க வேண்டி வரும். ஆகவே நெஞ்சைப் பெட்ரோல் டேங்கின் மேல் படியவைத்து, முழங்கைகளை மடக்கி, தலையை முன்னால் தாழ்த்தி, எடை தாழ்வாகவும் முன்னோக்கியும் இருக்கும்படி அமருங்கள். கைப்பிடியைப் பிடித்துத் தொங்காதீர்கள். கைப்பிடியை இழுக்கிறவர் அறியாமலேயே ஆக்சிலரேட்டரையும் கூடத் திருகிவிடுகிறார். உடம்பைத் தாங்குவது டேங்கை அணைத்திருக்கும் தொடைகளின் வேலை. வண்டி நகர்ந்த உடனே கால்களைத் தூக்கிப் பதிய வையுங்கள். தரையில் இழுபடும் கால் வண்டியின் நேர்கோட்டைக் கெடுக்கும், கணுக்காலுக்கும் ஆபத்து.

முன்சக்கரம் எழும்பினால் ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடாமல், கிளட்சை மயிரிழை அளவு உள்ளே இழுத்துச் சக்கரத்தைத் தரையில் இறக்கப் பழகுங்கள். முழுவதும் மூடினால் சக்கரம் தடாரென்று விழுவதோடு, திரும்பவும் விசை கூட்டுவதற்குள் பந்தயம் கைநழுவிவிடும். பின்சக்கரம் வெறுமனே சுழல்வதும் இழப்புதான். சற்றே வழுக்கியபடி பிடிக்கும் டயரே மிக அதிகமாக உந்தும். புகை கிளம்பச் சுழலும் டயர் பார்க்க ஆரவாரமாக இருந்தாலும் வண்டியை முன்னே தள்ளுவது குறைவு.

பச்சை விளக்கைப் பார்த்தவுடன் கிளட்சை விடுகிறேன். அப்படியும் தாமதம் என்கிறார்கள். எனக்குக் கண் மந்தமா?
– ஒரு வாசகர், தக்கலை

கண் மந்தமில்லை, விளக்கு எரியும் முறையை நீங்கள் இன்னும் பயன்படுத்தவில்லை. அமெரிக்காவில் 1963-இல் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் அறிமுகமான ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்னும் விளக்குக் கம்பமே பின்னர் உலகெங்கும் பரவியது. அதன் உச்சியில் இருக்கும் சிறு விளக்குகள் உங்கள் முன்சக்கரம் கோட்டை நெருங்கியதையும், பிறகு கோட்டில் சரியாக நின்றதையும் காட்டும். கீழே மூன்று மஞ்சள், அதன்கீழ் பச்சை, அடியில் சிவப்பு. ஒரு முறையில் மூன்று மஞ்சளும் அரை நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து, கடைசி மஞ்சளுக்கு அரை நொடி கழித்துப் பச்சை வரும். தொழில்முறைப் போட்டிகளில் மூன்று மஞ்சளும் ஒன்றாக எரிந்து 0.4 நொடியில் பச்சை வரும்.

மனிதக் கண் கண்டு கை அசைவதற்கே ஏறத்தாழ கால் நொடி ஆகிறது. அதன் பிறகு கிளட்ச் பிடித்து, சக்கரம் உருண்டு, கோட்டில் அதைக் கண்டறியும் ஒளிக்கதிரை விட்டு நகர மேலும் சிறிது நேரம் ஆகும். பச்சையைக் கண்டு கிளம்புகிறவர் இந்த இரண்டையும் கூட்டி இழக்கிறார். அதனால்தான் கடைசி மஞ்சளைக் கண்டதுமே கையை விடப் பழக்குகிறார்கள். சற்று முந்திவிட்டால் சிவப்பு எரிந்து அந்த ஓட்டமே போய்விடும் என்பதால், எவ்வளவு முந்தலாம் என்பதை ஒவ்வொருவரும் தம் வண்டியோடு பழகியே கண்டுபிடிக்க வேண்டும். விளக்கு முறை போட்டிக்குப் போட்டி மாறலாம். காலையில் நடத்தும் விளக்கக் கூட்டத்தில் கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் தெளிவாக்க வேண்டும். வண்டி 402 மீட்டரைக் கடந்த நேரம் வேறு, நீங்கள் விளக்குக்கு எதிர்வினை காட்டிய நேரம் வேறு. முன்னதன் கடிகாரம் சக்கரம் நகர்ந்த பிறகே ஓடத் தொடங்குகிறது. ஒருவர் 14.20 நொடியில் கடந்து, விளக்கில் 0.45 நொடி தாமதித்தார் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர் 14.35 நொடியில் கடந்தாலும் விளக்கில் 0.20 நொடியே எடுத்தார். நேருக்கு நேர் பந்தயத்தில் இரண்டாமவரே பத்தில் ஒரு நொடி முன்னதாகக் கோட்டைத் தொடுவார். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ நான்கு மீட்டர், அதாவது இரண்டு வண்டி நீளம். வேகம் குறைந்த வண்டி ஜெயிக்கிறது! எஞ்சினுக்கு ஒரு ரூபாய் செலவழிக்காமல் கிடைக்கும் நான்கு மீட்டர் அது.

ஆர்.பி.எம். மீட்டரின் சிவப்புக் கோடு வரை இழுத்துத்தான் கியர் மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

எல்லாக் கியரிலும் ஒரே ஆர்.பி.எம்.மில் மாற்றுவது சரியல்ல. எடுத்துக்காட்டாக, முதல் கியரின் விகிதம் 2.8, இரண்டாம் கியரின் விகிதம் 2.0 என்றால், 10,000-இல் மாற்றும்போது முள் ஏறத்தாழ 7,150-க்கு இறங்கும். மேல் கியர்களில் இடைவெளி நெருங்கியிருப்பதால் அதே 10,000-இல் மாற்றினால் 8,600-க்கு அருகில்தான் இறங்கும். கியர் மாற்றிய பிறகும் எஞ்சின் தன் உச்சத் திறனுக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆகவே கீழ்க் கியர்களில் உச்சத்தைத் தாண்டி நன்றாக இழுத்தும், மேல் கியர்களில் உச்சத்தைச் சற்றே தாண்டியதும் மாற்றுவது பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும். எஞ்சின் தானாக விசையை வெட்டும் எல்லை வரை போகவே கூடாது. அங்கே வண்டி ஒரு கணம் சும்மா மிதக்கிறது.

கால்விரலால் கியர் லீவருக்கு இலேசான அழுத்தம் கொடுத்து வைத்திருந்து, மாற்றும் கணத்தில் மட்டும் ஆக்சிலரேட்டரைச் சிறிது தளர்த்தினால் அடுத்த கியர் சுலபமாக விழும். முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்காமல் எஞ்சின் ஒலியைக் கொண்டு மாற்றப் பழகுங்கள்; கண் தடத்தின் கடைசியில் இருக்க வேண்டும்.

எங்கள் ஊர் வழியாகச் செல்லும் நான்குவழிச் சாலை விடியற்காலையில் காலியாகக் கிடக்கிறது. நண்பர்கள் இருபுறமும் நின்று பார்த்துக்கொண்டால் அங்கே பழகலாம் அல்லவா?
– ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி

கூடாது, தம்பி. ஏன் என்பதைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அந்தச் சாலை விடியற்காலையில் காலியாக இல்லை. தோவாளை பூச்சந்தைக்குப் பூ ஏற்றி வருகிறவர்களும், அங்கிருந்து வாங்கிச் செல்கிறவர்களும் பொழுது விடிவதற்கு முன்பே அதே சாலையில் இருக்கிறார்கள். நடுத்தடுப்பின் இடைவெளியில் திரும்பும் ஒரு மொபெட்காரருக்கு, தொலைவில் தெரியும் ஒற்றை விளக்கு எந்த வேகத்தில் வருகிறது என்று கணிக்க முடியாது. நீங்கள் மணிக்கு 120 கிலோமீட்டரில் வருகிறீர்கள் என்றால், ஆபத்தை உணர்ந்து பிரேக்கைத் தொடும் ஒரு நொடிக்குள் 33 மீட்டர் போயிருக்கும். நல்ல உலர்ந்த சாலையில் நிற்க மேலும் ஏறத்தாழ 80 மீட்டர் வேண்டும். நண்பர் கைகாட்டி உங்களை நிறுத்த முடியாது. பந்தயத் தடத்தில் முடிவுக் கோட்டுக்கு அப்பால் நீண்ட நிறுத்துதளம் விட்டிருப்பது இதற்காகத்தான்.

காற்றையும் நினைத்துப் பாருங்கள். மலைகளுக்கு இடையிலுள்ள உங்கள் கணவாய் வழியாக வீசும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது பக்கவாட்டில் அறையும்போது, நெஞ்சைத் தாழ்த்தி ஓட்டுகிற இலேசான வண்டி ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்குத் தள்ளப்படும்.

பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். வாகனக் காப்பீட்டு ஒப்பந்தமும் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டிலிருக்கும் பாலிசியை எடுத்து, வாகனப் பயன்பாட்டு வரம்பு பற்றிய பத்தியைப் படித்துப் பாருங்கள். எதிரே வந்த பூ வியாபாரியின் குடும்பத்துக்கு யார் பொறுப்பேற்பது?

கடலோரத்தில் வண்டி இழுவை குறைவாக இருக்கிறது. சைலென்சர் மாற்றினால் சரியாகுமா?
– ஒரு வாசகர், குளச்சல்

வெப்பம் மூன்று டிகிரி கூடினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், நீராவி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் மேலும் ஏறத்தாழ 3 சதவீத ஆக்சிஜன் குறைகிறது. நண்பகலில் வண்டி மந்தமாவது இயல்பு. சைலென்சர் அதை மாற்றாது, சாலையில் ஓடும் வண்டிக்கு அது சட்டச் சிக்கலையும் தரும். உங்கள் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது உப்புக்காற்று அரித்த செயினையும் பிரேக் காலிப்பரையும். பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றிவிட்ட வேகத்திலேயே சட்டென்று நின்றால், எஞ்சின் தரும் விசையில் ஒரு பங்கை நீங்கள் பிரேக்கிலேயே தின்னக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் பெண். எடை 48 கிலோ. ‘உடம்பில் பலமில்லாமல் இந்த விளையாட்டு ஆகாது’ என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகி, கருங்கல்

உண்மையில்லை. 150 கிலோ வண்டியில் 75 கிலோ எடையுள்ளவர் அமர்ந்தால் மொத்தம் 225. நீங்கள் அமர்ந்தால் 198. கால் மைல் நேரம் எடைக்கும் திறனுக்கும் உள்ள விகிதத்தின் கனமூலத்தை ஒட்டி மாறும் என்பது இத்துறையில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. அதன்படி 15 நொடி எடுக்கும் வண்டியில் உங்களுக்கு அரை நொடிக்கு மேல் இலாபம். இந்த விளையாட்டு கேட்பது விரல் நிதானத்தையே. நீங்கள் தைரியமாகத் தொடங்கலாம். கைக்கு எட்டும்படி கிளட்ச் லீவரைச் சரிசெய்துகொள்ளுங்கள். கால் தரையில் உறுதியாக ஊன்றும் உயரத்தில் இருக்கை அமைந்தால் கோட்டில் வண்டியை நேராக நிறுத்துவது எளிதாகும்.

என்னுடையது முன்சக்கர இழுவைக் கார். புறப்படும்போது டயர் சுழன்றுகொண்டே நிற்கிறது.
– ஒரு வாசகர், திங்கள்சந்தை

புறப்பாட்டில் எடை பின்னால் போவதால் முன்டயரின் பிடிப்புக் குறையும். முன்சக்கரக் கார்களின் இயல்பான சங்கடம் அது. புறப்படும் ஆர்.பி.எம்.மைக் குறையுங்கள், கார் நகர்ந்து பிடிப்புக் கிடைத்த பின்னர் படிப்படியாக ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். டர்போ டீசல் என்றால் இழுவை ஒரே அடியாக வரும் என்பதால் இரண்டாம் கியருக்கு மாறும்போதும் இதே நிதானம் வேண்டும்.

பயிற்சி ஓட்டத்துக்குப் பிறகு தரும் நேரச் சீட்டில் எதைப் பார்ப்பது?
– ஒரு வாசகர், குழித்துறை

பலரும் கடைசி வரியிலுள்ள மொத்த நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்துப் பையில் வைக்கிறார்கள். முழு விவரச் சீட்டில் எதிர்வினை நேரம், 60 அடி, 330 அடி, 660 அடி, 1,000 அடி, 1,320 அடி என்று நேரங்களும், முடிவில் வேகமும் இருக்கும். 60 அடி நேரம் மோசமாகவும் முடிவு வேகம் நன்றாகவும் இருந்தால் வண்டியில் குறையில்லை, புறப்பாட்டில்தான் குறை. 60 அடி நேரம் நன்றாக இருந்து முடிவு வேகம் குறைந்தால் எஞ்சினையோ, கியர் மாற்றும் இடத்தையோ ஆராய வேண்டும். மொத்த நேரமும் முடிவு வேகமும் மட்டுமே கிடைக்கும் இடத்திலும் இதே ஒப்பீட்டைச் செய்யலாம்.

ஓர் ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். டயர் காற்றையும் புறப்பாட்டு ஆர்.பி.எம்.மையும் ஒன்றாக மாற்றினால், கிடைத்த பலன் எதனால் என்று தெரியாது. சீட்டின் பின்புறத்திலேயே நேரம், வெப்பம், டயர் காற்று, புறப்பட்ட ஆர்.பி.எம். ஆகியவற்றை எழுதிவையுங்கள். உங்கள் மிகச் சிறந்த நேரத்தைவிட, அடுத்தடுத்த ஓட்டங்களின் 60 அடி நேரங்கள் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்பதே உங்கள் கை தேறியதற்குச் சான்று.

என் மகனுக்குப் பதினேழு வயது. இந்தப் பந்தயம் ஓட்ட வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். தடுத்தால் ஒளிந்து ஓட்டுவானோ என்று பயமாக இருக்கிறது. முறையான வழி இருக்கிறதா?
– ஒரு தாய், குலசேகரம்

இருக்கிறது, அம்மா. முதலில் சட்டத்தை அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். கியர் வண்டிக்குப் பதினெட்டு வயது ஆக வேண்டும். அதற்கு முன் சாலையில் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவின்படி பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டியின் பதிவுக்கு ஓராண்டு இரத்தும் உண்டு. அவனுக்கோ இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது. அவன் விரும்பும் விளையாட்டின் கதவே அதோடு மூடிக்கொள்ளும் என்பதை அவனுக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

இந்த ஓராண்டை வீணாக்க வேண்டியதில்லை. மேலே வடசேரி வாசகருக்குச் சொன்ன கிளட்ச் பயிற்சியை, பெரியவர் ஒருவர் உடனிருக்க, சுற்றுச்சுவருக்குள் அவன் பழகலாம். செயினும் கிளட்ச் தட்டும் கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ளட்டும். வயது வந்ததும், நாட்டின் மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. கூட்டமைப்பின் போட்டி உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கிவரும் சென்னைப் பந்தயத் தடத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் போட்டிகள் நடந்திருக்கின்றன. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே வளைவுத் தடம் என்றாலும், தட ஒழுக்கமும் பிரேக் பிடிக்கும் முறையும் அங்கே பழகலாம்.

வண்டிக்குச் செலவழிக்கும் முன் முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட், தோல் உடை, முதுகுக் காப்பு, கணுக்காலை மூடும் பூட்ஸ், கையுறை ஆகியவற்றை வாங்கிக் கொடுங்கள். நாகர்கோவிலிலிருந்து வண்டியை இரயிலில் பார்சலாக அனுப்பலாம். டேங்கிலிருந்து பெட்ரோலை முழுவதும் இறக்கிவிட்டு, பதிவுச் சான்றின் நகலையும் அடையாள அட்டையையும் கொண்டு செல்ல வேண்டும். போட்டி நாளுக்குப் போதுமான நாட்கள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள், ஏனெனில் பார்சல் எப்போதும் நாம் போகும் இரயிலிலேயே ஏறிவிடுவதில்லை. முதல் முறை அவனை ஓட்டுவதற்காக அல்லாமல் பார்ப்பதற்காக அழைத்துச் செல்லுங்கள். புறப்பாட்டுக் கோட்டுக்கு அருகில், பார்வையாளர்களுக்கு அனுமதித்த இடத்தில் நின்று, ஓட்டுபவர்களின் இடக்கை விரல்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.